மர்மக் கதையும் தொகுக்கும் ரசிகரும்: தமிழ்க் குற்றப்புனைவின் ஆவண வரலாறு

முன்னுரை

தமிழில் குற்றப்புனைவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அச்சு நாவலாகப் பிறந்து, நாடக மேடையேறி, திரைப்படமாகி, பின்னர் 'காமிக்ஸ்' என்று வாசகர் வழங்கும் படக்கதையாகவும் இவ்வகைமை விரிந்தது. ஆயினும் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனை ஓரிரு பத்திகளில் கடந்துவிடுகின்றன. 'பொழுதுபோக்கு', 'மலிவுப் பதிப்பு', 'தழுவல்' என்னும் மூன்று சொற்களுக்குள் அதன் மதிப்பீடு முடிந்துபோகிறது. மதிப்பீடு இவ்வாறு அமைந்தமையால் பாதுகாப்பும் அவ்வாறே அமைந்தது. கல்லூரி நூலகங்கள் இந்நூல்களை வாங்கவில்லை. வாங்கிய வாடகை நூல் நிலையங்களோ அவற்றைக் கிழியும்வரை வழங்கிப் பின் கழித்துவிட்டன.

இந்நிலையில் இவ்வகைமை முற்றிலும் மறையாமல் இருப்பதற்குக் காரணம் அதனை விரும்பிப் படித்தும் பார்த்தும் வந்த ரசிகரே என்பது இக்கட்டுரையின் கருத்து. குற்றக் கதையின் மீதான ஆர்வம் படிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் விடுபட்டதைத் தேடவும் அது தூண்டுகிறது. அத்தூண்டுதலே பல இல்லங்களின் அலமாரிகளை ஆவணக் காப்பகங்களாக மாற்றியது. நாவல், திரைப்படம், படக்கதை ஆகிய மூன்றிலும் இவ்வார்வம் எவ்வாறு செயற்பட்டது, அதன் எல்லைகள் யாவை, ஆய்வு நூலகங்கள் அதனிடமிருந்து பெற வேண்டியது என்ன என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

தானவன் முதல் திகம்பர சாமியார் வரை

தமிழின் முதல் துப்பறியும் கதைநூலாகப் பெரிதும் சுட்டப்பெறுவது பண்டித ச.ம. நடேச சாஸ்திரி எழுதி 1894இல் வெளிவந்த தானவன் கதையாகும். நாட்டார் கதைகளைத் தொகுத்த அறிஞர் ஒருவரே துப்பறியும் கதையையும் எழுதினார் என்பது கருதத்தக்கது. கதை கேட்கும் மரபும் காவல்துறை என்னும் புதிய நிறுவனமும் அவர் எழுத்தில் ஒன்றையொன்று சந்தித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மூவர் இத்துறையில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றனர். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதியதோடு, ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் என்ற பெயரில் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தினார். ஜே.ஆர். ரங்கராஜு 'இராஜாம்பாள்', 'சந்திரகாந்தா' முதலிய நாவல்களில் கோவிந்தன் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' முதலியவற்றின் வழியே திகம்பர சாமியார் என்னும் பாத்திரத்தை நிலைநிறுத்தினார். துறவிக் கோலமும் நுண்ணறிவும் இணைந்த அப்பாத்திரத்தின் பெயர் பின்னர் ஒரு திரைப்படத்திற்கே தலைப்பாக அமைந்தது.

இந்நாவல்கள் வெளிவந்த காலத்திலேயே கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஒழுக்கக் கேட்டுக்கு இடமளிப்பன, வாசகரின் காலத்தை வீணடிப்பன என்று அறிஞர் பலர் கருதினர். நாவல் வாசிப்பின் சமூக வரலாற்றை ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இக்கண்டனங்களையும் அவற்றுக்கு நடுவே வளர்ந்த வாசகப் பரப்பையும் விளக்குகிறது. கண்டனத்தின் அளவே வாசிப்பின் அளவுக்குச் சான்றாகிறது. யாரும் படிக்காத நூலை எவரும் வன்மையாகக் கண்டிப்பதில்லை.

இவ்வாசகரிடத்தில் ஒரு தனிப் பழக்கம் உருவானது. ஒரே துப்பறிவாளர் பல நாவல்களில் வந்தமையால், ஒரு நூலைப் படித்தவர் அடுத்ததையும் தேடினார். காவியம் தன்னளவில் நிறைவு பெறுவது. துப்பறியும் நாவலோ வரிசையில் ஓர் இடமாகவே அமைவது. அவ்விடம் வெறுமையாக இருப்பின் ரசிகர் அதனை உணர்கிறார். தொகுப்பு மனப்பான்மையின் வேர் இங்கேயே உள்ளது எனலாம்.

வெள்ளித்திரையில் குற்றக் கதை

தமிழ்ப் பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' படத்துடன் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் புராணக் கதைகளே பெரும்பான்மையாக இருந்தன. அச்சூழலில் சமகால வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் துப்பறியும் நாவல்களும் அடங்கும். 'மேனகா', 'இராஜாம்பாள்' ஆகியன 1935இலும் 'சந்திரகாந்தா' 1936இலும் படமாயின. புராணத்திலிருந்து சமூகப் படத்துக்கு நிகழ்ந்த மாற்றத்தில் இந்நாவல்களுக்குப் பங்குண்டு என்பதைத் திரைப்பட வரலாறு இன்னும் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் வெளியிட்ட 'திகம்பர சாமியார்', வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலைத் தழுவியது. டி.ஆர். சுந்தரம் இயக்கிய இப்படத்தில் எம்.என். நம்பியார் துப்பறியும் சாமியாராகப் பல வேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் வில்லன் என்றே அறியப்பட்ட நடிகர், குற்றத்தைக் கண்டுபிடிக்கும் நாயகராக நடித்த படம் இது. அடுத்த ஆண்டு மீண்டும் படமாக்கப்பட்ட 'இராஜாம்பாள்' ஆர்.எஸ். மனோகரைத் திரைக்கு அறிமுகப்படுத்தியது.

இவ்வகைமையின் திருப்புமுனை 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 1943 அக்டோபரை ஒட்டி ஒரு கொலை நிகழ்கிறது. கொல்லப்பட்டவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம் கூற்றை உரைக்கின்றனர். ஒரே நிகழ்வைப் பலர் பலவாறு சொல்லும் உத்தியில் அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' (1950) படத்தின் தாக்கம் புலனாகிறது. பாடலோ நடனமோ இல்லாமல் தமிழ்ப் படம் ஒன்று வெளிவர இயலும் என்பதை இப்படம் காட்டியது. இதற்கு உரையாடல் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த ஜாவர் சீதாராமன், பின்னாளில் 'உடல் பொருள் ஆனந்தி' போன்ற தொடர்கதைகளால் வாசகரைக் கவர்ந்தார். அச்சுக்கும் திரைக்கும் இடையே ஆசிரியர்களும் ரசிகர்களும் தடையின்றிச் சென்று வந்தமைக்கு அவர் நல்ல சான்று.

வீணை வித்தகராகப் புகழ்பெற்ற பாலசந்தர், 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) எனத் தொடர்ந்து மர்மப் படங்களையே இயக்கினார். இறுதியாகச் சுட்டிய படம் அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற தீவு நாவலைத் தழுவியது. சிவாஜி கணேசன் நடித்த 'புதிய பறவை' (1964), ஏ.சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) ஆகியன இவ்வகையின் பொதுமக்கள் செல்வாக்கை உறுதிசெய்தன. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் அலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலியவற்றை வெளியிட்டது. அவற்றில் நடித்த ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டத்தை வழங்கியது ரசிகர் உலகமே.

பாட்டுப் புத்தகம் சொல்லாத முடிவு

1930களின் தமிழ்ப் படங்களில் மிகப் பல இன்று காணக் கிடைப்பதில்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. ஓடி முடிந்த சுருள்களிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கப்படுவதும் வழக்கமாக இருந்தது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் தோன்றியபோது, முதல் தலைமுறைப் படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தன. அவற்றைப் பற்றி அறிய இன்று ஆய்வாளருக்கு எஞ்சியிருப்பன விளம்பரங்கள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள், திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஆகியவையே.

பாட்டுப் புத்தகம் நடிகர் பட்டியலையும் தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களையும் பாடல்களையும் கதைச் சுருக்கத்தையும் தருவது. இச்சுருக்கம் கதையின் இக்கட்டான இடம்வரை வந்து நின்றுவிடும். எஞ்சியதை வெள்ளித்திரையில் காணுமாறு வாசகரைக் கேட்டுக்கொள்ளும். குடும்பப் படமாயினும் பக்திப் படமாயினும் இதனால் பேரிழப்பு இல்லை. முடிவு எதுவாக இருக்கும் என்பதை எவரும் ஊகித்துவிடலாம். குற்றக் கதைக்கு முடிவே உயிர். கொலையாளி யார் என்பதைக் கூறாத சுருக்கம், ஆவணம் என்ற நிலையில் பாதி வெறுமையானது.

இதில் ஒரு முரண் தோன்றுகிறது. முடிவை வெளியிடலாகாது என்பது மர்மப் படத்தின் வணிக விதி. அது ரசிகரிடையே ஓர் ஒழுக்கமாகவும் வேரூன்றியது. படம் பார்த்துத் திரும்பியவர் பார்க்காதவரிடம் கதையைச் சொல்வார்; கொலையாளியை மட்டும் மறைப்பார். அன்றைய விமர்சனமும் அவ்வாறே மறைத்தது. எனவே படச்சுருள் அழிந்த நிலையில், இவ்வகைமையைக் காத்த இரகசியமே அதன் வரலாற்றை மறைக்கும் திரையாக மாறிவிடுகிறது. மூல நாவல் கிடைக்கும்போது அதனைக் கொண்டு முடிவை ஊகிக்கலாம். ஆனால் திரைக்கதை நாவலிலிருந்து விலகும் இடங்களை நாவல் காட்டாது. அவற்றைத் தெரிவிக்கக்கூடியவர் படத்தைப் பார்த்த ரசிகர் ஒருவரே. அத்தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1950கள், 1960களின் படங்களைத் திரையரங்கில் கண்டவர்களுள் சிலரே இன்னும் நம்மிடையே உள்ளனர்.

திரைப்படத் தகவல்களைத் திரட்டுவதில் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் ஆற்றிய பணி இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. நிழற்படங்களையும் படங்களின் விவரங்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்த அவர், 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவருடைய சேகரத்தைத் தமிழ்நாடு அரசு பெற்றுக்கொண்டது. எந்த நிறுவனமும் பணிக்காத ஒருவர் தம் ஆர்வத்தால் செய்த வேலையை, நிறுவனம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

சிவகாசி வழியே வந்த குற்ற உலகம்

படக்கதை வரலாற்றில் 1972 முதன்மையான ஆண்டு. சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி' கதையுடன் வெளிவந்தது. பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962இல் அறிமுகமான இந்நாயகன், மின்னதிர்ச்சியால் உடல் மறைய, இரும்புக் கை மட்டும் புலப்படும் விந்தை மனிதன். குற்றச் செயல்களில் தொடங்கிப் பின்னர் உளவாளியாக மாறியவன் அவன். ரிப் கிர்பி, காரிகன், ஜானி நீரோ, லாரன்ஸ்–டேவிட் முதலிய துப்பறிவாளர்களும் உளவாளிகளும் முத்து காமிக்ஸ் வழியே தமிழ் பேசினர். இவர்களுள் காரிகனின் தொடக்கம் 1934ஆம் ஆண்டின் 'எக்ஸ்–9' தொடர். அதன் முதல் கதைகளை எழுதியவர் அமெரிக்கக் குற்றப்புனைவின் முதன்மை ஆசிரியரான டாஷியல் ஹாமட். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வழியாகத் தமிழுக்கு வராத ஓர் எழுத்து மரபு, சிவகாசி அச்சகம் வழியாகப் பள்ளி மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டானல் படைத்த மாடஸ்டி பிளைசி, குற்ற உலகின் தலைவியாக இருந்து விலகிய பெண். ஆண் நாயகர்களே நிறைந்த துறையில் பெண்ணொருத்தியை முன்னிறுத்தி ஓர் இதழ் தொடங்கியது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை நகரக் கடைகளிலிருந்து சிற்றூர்க் கடைகள்வரை கொண்டு சென்றது. லயன் வெளியிட்ட 'ஸ்பைடர்' கதைகளின் நாயகனோ குற்றவாளிகளின் பேரரசனாக விழைந்தவன். பிரிட்டனில் அத்தொடரின் பல கதைகளை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல்.

இச்செய்திகளில் எதுவும் அன்றைய தமிழ் வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிரிட்டிஷ் வார இதழ்கள் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ பொதுவாக வெளியிடுவதில்லை. மாயாவியின் கோட்டோவியங்களை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் என்பது நெடுங்காலத்திற்குப் பின்னரே பரவலாயிற்று. தமிழ்த் தலைப்புக்குரிய மூலத் தலைப்பு எது, எந்த இதழில் எந்த ஆண்டு வந்தது, தமிழில் எத்தனைப் பக்கங்கள் விடுபட்டன என்று ஒப்பிட்டு அறிந்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களே. கோட்டின் தடிமனையும் முகத்தின் நிழலையும் கொண்டு ஓவியரை இனங்காண்பது அவர்களது பயிற்சி. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் முறைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. துப்பறியும் கதை கற்றுத்தந்த முறையை ரசிகர் அக்கதையின் மீதே செலுத்தினார் என்பதே பொருத்தமான விளக்கம்.

இதன் உச்சமாக 'இரத்தப் படலம்' தொடரைச் சுட்டலாம். நினைவிழந்த ஒருவன், அமெரிக்க அதிபரைக் கொன்றவன் தான்தானா என்று தேடும் இந்தப் பெல்ஜியத் தொடரை எழுதியவர் ழான் வான் ஹாம். வரைந்தவர் வில்லியம் வான்ஸ். தமிழில் பகுதி பகுதியாக, நீண்ட இடைவெளிகளுடன் வந்த கதையை ஒருசேரப் படிக்க வேண்டும் என்று வாசகர் இடைவிடாது வேண்டினர். அவர்தம் முன்பதிவின் துணையோடு 2010இல் அது பெருந்தொகுப்பாக வெளிவந்தது. வரிசையை நிறைவு செய்ய வேண்டும் என்னும் ரசிகரின் விழைவு, இங்கு ஒரு நூலின் பதிப்பையே சாத்தியமாக்கியது.

சட்டத்தின் ஐயமும் அதன் மறுபக்கமும்

குற்றப் படக்கதைகள் இளையோரைக் கெடுக்கும் என்ற அச்சம் உலகளாவியது. அமெரிக்காவில் 1942இல் தொடங்கிய குற்றப் படக்கதை அலைக்கு எதிராக, மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம் 1954இல் நூல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு விசாரணை நடத்த, பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். பிரிட்டன் 1955இலும் இந்தியா 1956இலும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. குற்றச் செயல், வன்முறை, கொடுமை ஆகியவற்றைச் சித்திரித்து இளையோரின் மனத்தைக் கெடுக்கக்கூடிய கதை வெளியீடுகள் இந்தியச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தன.

முத்து, லயன், ராணி ஆகியவை இச்சட்டச் சூழலில் தோன்றியவை. அவை தேர்ந்தெடுத்த கதைகளில் குற்றவாளி இறுதியில் பிடிபடுவான். அல்லது மனம் மாறுவான். மாயாவி, மாடஸ்டி, ஸ்பைடர் ஆகிய மூவரும் சட்டத்துக்கு அப்பால் தொடங்கி அதன் பக்கம் வந்தவர்களே. இளையோர் இதழில் குற்ற உலகின் கவர்ச்சியையும் அறத்தின் வெற்றியையும் ஒருங்கே தருவதற்கு இம்மாற்றம் துணை செய்தது.

வெர்த்தமின் வாழ்வில் பிற்பகுதி இக்கட்டுரையின் கருத்துக்கு வலுச்சேர்ப்பது. 1973இல் அவர் ரசிகர்கள் தாமே நடத்தும் சிற்றிதழ்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவற்றைத் தன்னுணர்வான, ஆக்கம் நிறைந்த தொடர்பாடல் வடிவம் என அதில் பாராட்டினார். படக்கதையைக் கடுமையாக எதிர்த்தவரே, அதன் ரசிகர் உருவாக்கிய அறிவுச் செயற்பாட்டை மதித்தார். தமிழில் படக்கதையைக் குறைகூறியவர்களிடமிருந்து இத்தகைய இரண்டாம் பார்வை இன்னும் எழவில்லை.

கடல் கடந்த வாசகர்

தமிழ்க் குற்றப்புனைவு தொடக்கம் முதலே தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தது. தமிழ்வாணன் (1926–1977) படைத்த சங்கர்லால், பல நாடுகளில் துப்பறிந்தவர். அயலகத் தமிழர் தம் நகரங்களைத் தமிழ்க் கதையில் காணும் வாய்ப்பை அவை அளித்தன. சுஜாதாவின் 'ப்ரியா' நாவல் லண்டனைக் களமாகக் கொண்டது; 1978இல் அது எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் படமானபோது களம் சிங்கப்பூருக்கு மாறியது. வழக்கறிஞர் கணேஷாக ரஜினிகாந்த் நடித்தார். நாவலின் நகரும் படத்தின் நகரும் வேறுபட்டமை, தயாரிப்புச் சூழலோடு சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ப் பார்வையாளரின் இடத்தையும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

இலங்கையின் நிலை வேறு. 1970களில் இந்திய வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உள்ளூர்ப் பதிப்பு முயற்சிகள் ஊக்கம் பெற்றன. வீரகேசரி பிரசுரம் பல நாவல்களை வெளியிட்டது. அச்சூழலில் முன்னரே கைக்கு வந்திருந்த இந்திய இதழ்களும் நாவல்களும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பாதுகாப்பு முழுவதையும் ஒரே கட்டடத்தில் வைப்பதன் ஆபத்தை அந்நிகழ்வு உணர்த்தியது. போரும் இடப்பெயர்வும் வீட்டு அலமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய இழப்புகளின் பின்னணியில், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் தனியார் கையிருப்புகளை நாடியது இயல்பானதே.

ரசிகர் சேகரத்தின் எல்லைகள்

ரசிகரின் பங்களிப்பை மிகைப்படுத்துவதும் ஆய்வுக்கு உதவாது. தாம் விரும்பியதையே அவர் சேர்க்கிறார். மாயாவி இதழ் பலரிடம் இருக்கும். அதே ஆண்டில் விற்பனையாகாத இதழ் எவரிடமும் இராது. வரலாற்றுக்குத் தோல்வியும் தேவை. இரண்டாவதாக, அரிய இதழ்களுக்கு விலை ஏறும்போது சேகரம் மறைவிடமாகிறது. பார்வையிட ஆய்வாளருக்கு வாய்ப்பு அமைவதில்லை. மூன்றாவதாக, இளமையில் பார்த்த படத்தின் நினைவு காலப்போக்கில் வேறொரு படத்தின் காட்சியோடு கலந்துவிடுகிறது.

இவற்றினும் பெரிய குறை பெண் வாசகர் குறித்தது. வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) 'ஜகன்மோகினி' இதழின் வழியே பெண் வாசகரைத் திரட்டிய காலம் முதல், மர்மக் கதைகளைப் பெண்கள் ஆர்வத்துடன் படித்துவந்துள்ளனர். வார இதழ்த் தொடர்கதைகளைத் தாளாகக் கிழித்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்தவர்களுள் இல்லத்தரசியர் மிகுதி. ஆனால் அத்தொகுப்புகள் 'சேகரம்' என்று பெயர் பெறவில்லை. வீடு மாறும்போது முதலில் பழைய தாள் கடைக்குச் சென்றவை அவையே. ரசிகர் என்ற சொல் ஆணையே சுட்டுவதாக ஆய்வாளரும் எண்ணிவிட்டால், இழப்பு இருமடங்காகும்.

நூலகங்களின் கடமை

ரசிகரின் ஆர்வம் நூலகமாக முதிர்வதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த அவர், நூல்களோடு நாடக அறிவிப்பு, பாட்டுப் புத்தகம், துண்டறிக்கை, அழைப்பிதழ் என எதனையும் ஒதுக்காது சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரத்தைப் பெற்றது; அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. உயர்ந்தது, தாழ்ந்தது என்று அவர் பிரிக்காமையே அத்தொகுப்பின் ஆற்றல்.

குற்றப்புனைவுக்கென்றே பாரிஸ் நகரில் ஒரு பொது நூலகம் இயங்குகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம் படக்கதைகளைப் பெருந்தொகுப்பாகப் பேணுகிறது. தமிழுக்கு அத்தகைய தனி நிறுவனம் உடனடியாக அமையாவிடினும், இருக்கும் ஆய்வு நூலகங்கள் சில பணிகளை இப்போதே மேற்கொள்ளலாம்.

முதலாவது, மாத நாவல்களையும் படக்கதைகளையும் இதழ்ப் பெயரின் கீழ் மொத்தமாகப் பதியாமல், ஒவ்வொரு கதைத் தலைப்பையும் வரிசை எண்ணையும் தனித்தனியே பட்டியலிடுதல். இரண்டாவது, தமிழ்த் தலைப்புக்கு இணையான மூலத் தலைப்பு, எழுத்தாளர், ஓவியர் விவரங்களை ரசிகரின் பட்டியல்களிலிருந்து சரிபார்த்துச் சேர்த்தல். பட்டியலைத் தந்தவர் பெயரையும் பதிவில் குறித்தல். மூன்றாவது, அழிந்த படங்களையும் அரிதாகிவிட்ட படங்களையும் திரையரங்கில் கண்ட முதியோரிடம் கதை முழுவதையும், குறிப்பாக முடிவை, ஒலிப்பதிவு செய்தல். நான்காவது, தனியார் சேகரத்தைப் பெறும்போது அதனைப் பிரித்துக் கலக்காமல், சேகரித்தவர் வைத்த வரிசையோடும் அவர் எழுதிய குறிப்போடும் காத்தல்.

உரிமைச் சிக்கலும் கடக்க முடியாததன்று. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும், வெளியாகி 60 ஆண்டுகள் கடந்த படங்களும் பொதுவுடைமையாகின்றன. வடுவூராரின் நாவல்களும் 1950களின் மர்மப் படங்களும் இவ்வரம்பைக் கடந்துவிட்டன. அயல்நாட்டு உரிமம் பெற்று வந்த படக்கதைகளுக்கு உரிமை நீடிக்கிறது. அவற்றையும் பட்டியலிடுவதற்கோ, மூலப் படியைப் பாதுகாப்பதற்கோ தடை இல்லை.

முடிவுரை

தானவன் முதல் 'இரத்தப் படலம்' வரை தமிழ்க் குற்றப்புனைவு பல வடிவங்களில் வாழ்ந்துள்ளது. தழுவலாக வந்தது தமிழ்ச் சூழலில் வேரூன்றியது. 2017இல் மிஷ்கின் இயக்கிய 'துப்பறிவாளன்' ஷெர்லாக் ஹோம்ஸுக்குச் செலுத்திய வணக்கம். அதன் நாயகனின் பெயரோ சங்கப் புலவரான கணியன் பூங்குன்றனின் பெயர். இறக்குமதி என்று ஒதுக்கப்பட்ட வகைமை தமிழ் மரபின் பெயரையே தாங்கி நிற்கும் நிலையை இது காட்டுகிறது.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் இன்று பெரும்பாலும் தனியார் வீடுகளிலும் முதியோர் நினைவிலும் உள்ளன. மலிவுத் தாள் ஆண்டுதோறும் பழுத்து உதிர்கிறது. 1950களின் பார்வையாளர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். துப்பறியும் கதையில் சாட்சி மறைவதற்குள் வாக்குமூலம் பெறுவதே அதிகாரியின் முதற்கடமை. தமிழாய்வுக்கும் இப்போது அக்கடமையே முன்நிற்கிறது.